பசுமையும் பள்ளக்காடும்

ஆலையடிவேம்பிலிருந்து வடக்கு நோக்கி, அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை என ஊரோடு ஊர் தோள் உரசிக் கிடக்கும் கரையோரப் பெருவீதியாற் சென்றால் ஒலுவில் வருகிறது. அங்கே, கடற்காற்றுப் படும் தொலைவிலே, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995 ஒக்டோபரிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு மே மாதம் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. யுத்தத்தினாற் கல்வி குலைந்துபோன கிழக்குப் பிரதேசத்து மாணவரின், சிறப்பாக முஸ்லிம் மாணவரின், இடர்ப்பாட்டிலிருந்து பிறந்த ஸ்தாபனம் அது. அதனை முன்னின்று உருவாக்கியவர் அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரஃப். அதே ஊரின் கடற்கரையிலே ஒரு துறைமுகம் எழ வேண்டுமென்று கனவு கண்டவரும் அவரே. கடலை விட்டு உள்ளே, வயலும் காடும் சந்திக்கும் பக்கத்திலே, அவர் பெயரைத் தாங்கிய அஷ்ரஃப் நகர் என்னும் குடியிருப்பும் உண்டு. அதனை அடுத்தது பள்ளக்காடு. சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய ஏழு பகுதிகளின் குப்பை ஆண்டுக்கணக்காகக் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட இடம் அது.

ஒரு கல்விக்கூடம், ஒரு துறைமுகம், ஒரு குப்பைமேடு. மூன்றும் ஒரே சிறு சுற்றுவட்டத்துள் அமைந்தவை. பல்கலைக்கழக மாணவரின் சுற்றாடல் முயற்சிகளைப் பற்றி எழுதப் புகும் நாம் இம்மூன்றையும் ஒருசேர மனத்திற் கொண்டே தொடங்க வேண்டியிருக்கிறது. முதலாவதிலே வளரும் பசுமை உணர்ச்சி மற்றைய இரண்டையும் கண்ணெடுத்துப் பார்க்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கேள்வி ஒலுவிலுக்கு மாத்திரம் உரியதன்று. பேராதனையிலும், யாழ்ப்பாணத்திலும், பாக்கு நீரிணைக்கு அப்பால் மதுரையிலும் சென்னையிலும் உள்ள எந்த வளாகத்தை நோக்கியும் இதனைக் கேட்கலாம். ஆனால் ஒலுவிலிலே விடை சில மைல் தூரத்துக்குள் கிடக்கிறது என்பதனால், நம் ஊரையே உதாரணமாகக் கொள்கிறோம்.

ஜூன் மாதம் 5ஆந் திகதி வந்துவிட்டால் நம் பல்கலைக்கழகங்களிலே நடைபெறும் காரியங்கள் யாவரும் அறிந்தவை. மரக்கன்றுகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. பிரமுகர் ஒருவர் முதலாவது கன்றை நடுகிறார். எஞ்சியவற்றை மாணவர் நடுகின்றனர். கடற்கரை அண்மையிலிருந்தால் ஒரு காலைப்பொழுது சுத்திகரிப்புக்கு ஒதுக்கப்படுகிறது. சுவரொட்டிப் போட்டி, கவிதைப் போட்டி, வீதி நாடகம் ஆகியன மாலையில். இவற்றை இழித்துரைப்பது நம் எண்ணமன்று. தம் ஓய்வு நாளைத் தியாகஞ்செய்து, வெயிலிலே குனிந்து பிறர் எறிந்த போத்தலைப் பொறுக்கும் இளைஞனிடத்தில் உள்ள நல்லுணர்ச்சியைச் சந்தேகிக்க நமக்கு உரிமையில்லை. சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு, புரட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று குப்பையைத் தாண்டிச் செல்லும் தோழரைவிட அவன் எவ்வளவோ மேல். (அத்தகைய தோழர்கள் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியுமா?) ஆயினும் நல்லுணர்ச்சி விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. உண்மையான நல்லுணர்ச்சிதான் விமர்சனத்துக்குத் தகுதியுடையது.

ஒரு கடற்கரைச் சுத்திகரிப்பை நாம் இறுதிவரை இருந்து பார்த்ததுண்டு. எந்தக் கரை, எவர் நடத்தியது என்பன இங்கு வேண்டா. இரண்டு மணி நேரத்திலே மணல் பளிச்சென்று ஆகிவிட்டது. பொறுக்கிய பொருள்கள் பெரிய கறுப்புப் பொலித்தீன் பைகளிலே கட்டப்பட்டு, வீதியோரத்தில் அடுக்கப்பட்டு, அவற்றின் முன்னே மாணவர் நின்று படமும் பிடித்துக்கொண்டனர். பின்னர் உழவு இயந்திரம் ஒன்று பெட்டியோடு வந்தது. கையுறை இல்லாத இரு தொழிலாளர் பைகளைத் தூக்கி எறிந்து ஏற்றினர். வண்டி போயிற்று. எங்கே போயிற்று என்று நாம் பக்கத்தில் நின்ற மாணவியைக் கேட்டோம். புத்திசாலியான பெண், கரியமிலவாயுவைப் பற்றி அரைமணி நேரம் பேசக் கூடியவர். அவருக்குத் தெரியவில்லை. அன்று அங்கு நின்ற எவருக்கும் தெரியவில்லை. நமக்குந்தான்.

இந்த அறியாமை தற்செயலானதன்று என்பதே நம் கருத்து. மாணவர் வரையும் சுவரொட்டிகளையும் எழுதும் கவிதைகளையும் எடுத்துப் பார்த்தால் இதன் வேர் புலப்படும். பெரும்பாலானவற்றில் மூன்று பாத்திரங்களே வருகின்றன. பூமித்தாய் ஒருத்தி, அவள் கண்ணீர் வடிக்கிறாள். மரம் ஒன்று; அது வெட்டுண்டு கிடக்கிறது. மூன்றாவது பாத்திரம் 'மனிதன்'. இவன்தான் குற்றவாளி. பேராசையால் மரத்தை வெட்டினான், ஆற்றை நஞ்சாக்கினான், கடலைக் குப்பையாக்கினான். கவிஞர் அவனை விளித்து, நீ மனிதனா என்று கேட்டு முடிக்கிறார். கையொலி எழுகிறது.

யார் இந்த மனிதன்? அவனுக்கு ஊர் உண்டா, தொழில் உண்டா, நிலம் உண்டா? ஒலுவிலிலே கரைவலை இழுக்கும் தொழிலாளியும் மனிதன். அவன் வாடியைக் கடல் கொண்டுபோகும்படி அலைதடுப்பை வகுத்த வல்லுநரும் மனிதர். குப்பை வண்டியிலே நாற்றத்தோடு நிற்பவனும் மனிதன்; பொலித்தீனை உற்பத்தி செய்து இலாபம் அடைபவரும் மனிதர். இவர்களையெல்லாம் ஒரு சொல்லுக்குள் அடைத்து, அச்சொல்லைக் கூண்டிலேற்றி விசாரிக்கும் கவிதை யாரையும் விசாரிக்கவில்லை. அதனாலேதான் அதற்கு எவரும் கோபிப்பதில்லை. அமைச்சரும் கைதட்டலாம், தொழிலதிபரும் பரிசளிக்கலாம். ஒரு இலக்கியம் எவருக்கும் உறுத்தாமல் எல்லோராலும் போற்றப்படுமாயின் அதனைச் சற்று ஐயத்தோடு நோக்குவது முற்போக்கு விமர்சனத்தின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தை இங்கும் நாம் கைவிடவில்லை.

தமிழ் மரபுக்கு இத்தகைய நோக்கு அந்நியமானது என்பதும் கவனிக்கற்பாலது. பழந்தமிழர் திணை வகுத்தபோது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். கருப்பொருள் என்று எண்ணியவற்றுள் மரமும் விலங்கும் பறவையும் இருந்தவாறே, மக்களின் உணவும் அவர்கள் செய்யும் தொழிலும் இருந்தன. நெய்தல் என்றால் கடல் மாத்திரமன்று. மீன் பிடிப்பவரும் உப்பு விளைப்பவரும் அதனுள் அடக்கம். உழைப்பை நீக்கிவிட்டு இயற்கையைத் தனியே வைத்துப் பூசிக்கும் மனோபாவம் நமக்கு வெகு பிந்தி வந்தது. வெளியிலிருந்து வந்தது என்பதே பொருந்தும்.

எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1953இல் ஐக்கிய அமெரிக்காவிலே, தகரக் குவளையும் போத்தலும் செய்யும் கம்பெனிகளும் பானக் கம்பெனிகளும் சேர்ந்து நாட்டை அழகுபடுத்தும் சங்கம் ஒன்றை நிறுவின. அக்காலத்திலேதான் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் கண்ணாடிப் போத்தல்களுக்குப் பதிலாக, ஒருமுறை பாவித்து எறியும் கலங்கள் பெருகத் தொடங்கின. அச்சங்கம் 1971இல் ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தை வெளியிட்டது. குப்பை நிறைந்த வீதியோரத்திலே நின்று பூர்வகுடி அமெரிக்கன் ஒருவன் கண்ணீர் விடுவான். மாசினைத் தொடங்குபவர்கள் மக்கள், நிறுத்தக் கூடியவர்களும் மக்களே என்பது அதன் பொருள். உலகப் புகழ் பெற்ற விளம்பரம் அது. அழுத நடிகர் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது பிறகு தெரியவந்த வேடிக்கை. கம்பெனி மறைந்துகொண்டு 'மக்கள்' முன்னே நிறுத்தப்பட்ட இந்தக் கதையின் பேரப்பிள்ளைதான் நம் சுவரொட்டியில் வரும் 'மனிதன்'.

ஆனால் அதே நாட்டின் மாணவர் வேறொரு சரித்திரத்தையும் படைத்தனர். 1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே, வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து, ஆசிரியரும் மாணவரும் இரவு முழுவதும் விழித்திருந்து விவாதித்தனர். பாடநூலில் இல்லாததைத் தாமே ஆராய்ந்து தமக்குள் கற்பித்துக்கொள்ளும் அந்தப் போராட்ட வடிவம் பல வளாகங்களுக்கும் பரவிற்று. 1969இன் தொடக்கத்திலே சாந்தா பார்பராக் கடலில் எண்ணெய் பீறிட்டுக் கரை கறுத்த பின்னர், அந்த வடிவத்தையே சுற்றாடலுக்கும் எடுத்துக்கொண்டனர். 1970 ஏப்ரில் 22இல் நடந்த முதலாவது பூமி தினத்தில் ஏறக்குறைய இரண்டு கோடி மக்கள் பங்குபற்றினர் என்பர். ஆகவே, மாணவரின் சுற்றாடல் இயக்கம் யுத்த எதிர்ப்பின் தொட்டிலிலே வளர்ந்த குழந்தை. அது எப்போது பூந்தோட்ட வேலையாகச் சுருங்கிற்று என்பதைத் தனியே ஒருவர் ஆராயலாம்.

இன்று அச்சுருக்கத்துக்கு எண்களும் துணை நிற்கின்றன. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் உலக வளாகங்களுக்குப் பசுமைத் தரவரிசை ஒன்றைத் தொடங்கியது. இடவமைப்புக்கு 15, சக்திக்கு 21, கழிவுக்கு 18, நீருக்கு 10, போக்குவரத்துக்கு 18, கல்விக்கு 18 எனப் பல ஆண்டுகளாக நூறு புள்ளிகள் பகிரப்பட்டன. அளவிடுவது தீதன்று, அளவிடாத இடத்திலே வாய்ப்பந்தல்தான் மிஞ்சும். ஆயினும் இம்முறையின் அலகு வளாகம். மதில் எங்கே முடிகிறதோ அங்கே கணக்கும் முடிகிறது.

இனி நாம் மதிலுக்குள்ளேயே ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு, அது மதிலைத் தாண்டிப் போகும் வழியைப் பின்தொடர்வோம்.

நம் நாட்டு உணவுச்சாலைகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் சோற்றுக் கோப்பையின் மேல் மெல்லிய பொலித்தீன் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் சோறு பரிமாறும் வழக்கம் இருபது முப்பது ஆண்டுகளாக வேரூன்றிவிட்டது. உண்டு முடிந்ததும் தாளைச் சுருட்டி எறிந்தால் கோப்பை அடுத்தவருக்குத் தயார். இவ்வழக்கத்தைப் பேராசை என்ற சொல்லால் விளக்க முடியுமா? முடியாது. கோப்பை கழுவுவதற்கு நீர் வேண்டும், சவர்க்காரம் வேண்டும், எல்லாவற்றிலும் மேலாக ஒரு தொழிலாளி வேண்டும். அத்தொழிலாளியின் கூலி மிச்சமாகிறது. தாளின் விலையோ சில சதங்கள். குத்தகைக்கு எடுத்த சிற்றுண்டிச்சாலையை நடத்துபவருக்கும் வேறு வழி எளிதன்று. அவர் விலையைக் கூட்டினால் மாணவரே முதலிற் கூச்சலிடுவர். 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவின் விலையேற்றம் 94.9 சதவீதத்தைத் தொட்டதை அனுபவித்த மாணவனிடம் சென்று, இரண்டு ரூபா கூடக் கொடு என்று உபதேசிக்க நமக்கு நா எழவில்லை.

ஒரு கணக்கு மாத்திரம் போட்டுப் பார்ப்போம். ஒரு வளாகத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் கோப்பை என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு முப்பது வாரம். 1,50,000 தாள்கள். ஒவ்வொன்றும் இருபது நிமிடம் பாவிக்கப்படுகிறது. பின்னர் அது சோற்றின் மணத்தையும் உப்பையும் குழம்பையும் தன்மேற் பூசிக்கொண்டு வண்டியேறுகிறது. சோற்றின் மணம் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2017 ஏப்ரில் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பையடுத்த மீதொட்டமுல்லையிலே குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் மாண்டனர். அங்கே குடியிருந்த ஏழை மக்கள் ஆண்டுக்கணக்காக எதிர்த்துக் குரல் கொடுத்து வந்தவர்கள். அவர்களின் பிணங்கள் கிடைத்த பின்னரே அரசு விழித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி முதல், உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் பெட்டியும் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனும் தடைசெய்யப்பட்டன. தடை வந்தது, தாள் போகவில்லை. கோப்பை கழுவுபவரின் கூலி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குச் சட்டம் விடை கூறாதபோது அது வேறு எப்படி முடியும்?

தாள் ஏறிய வண்டி நம் பகுதியிலே பள்ளக்காட்டுக்குச் சென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் கழிவு முகாமைக்கென அமைக்கப்பட்ட நிலையம் அது. தரம்பிரித்தல், மீள்சுழற்சி என்பனவெல்லாம் திட்டத்தில் இருந்தன. நடந்ததோ கொட்டுதல் ஒன்றே. சுற்றியிருந்த மின்வேலி 2014இல் இடிவிழுந்து பழுதுற்றது, அது திருத்தப்படவில்லை. மேடு காட்டை நோக்கிப் பரந்தது. காட்டிலிருந்த யானைகள் மேட்டை நோக்கி வந்தன. ஏன் வராமல் இருக்கும்? அவற்றின் வழித்தடங்களிலே வயலும் குடியிருப்பும் வந்துவிட்டன. இங்கோ சோற்றின் மணம் காற்றிலே வருகிறது. பொலித்தீனிலிருந்து சோற்றைப் பிரித்தெடுக்க யானைக்குக் கையில்லை. 2022 ஜனவரியிலே இரு யானைகள் அங்கே இறந்து கிடந்தபோது, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அவ்விடத்துப் பிளாஸ்டிக்கை உண்டு மாண்டுபோயின என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் கண்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும்.

நிருவாக எல்லைகளைப் பற்றியும் செயலகப் பிரிவுகளைப் பற்றியும் ஓயாது பிணங்கும் நம் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் இந்த ஒரு விஷயத்திலே மாத்திரம் பூரண ஒற்றுமை பூண்டிருந்தன என்பதைக் கசப்போடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. தமக்கு வேண்டாததை இன்னோரிடத்திற் கொட்டுவதில் ஆலையடிவேம்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் பேதமிருக்கவில்லை. கொட்டப்பட்ட இடத்தின் அருகே வாழ்ந்தவர்கள் ஏழை விவசாயிகள். குப்பைக்கு வந்த யானை வயலுக்கும் வரும், வளவுக்கும் வரும். இரவிலே வட்டையிற் காவல் கிடக்கும் உழவனுக்கு யானை இரங்கத்தக்க ஜீவனாகத் தோன்றாது. அவனுக்கும் யானைக்கும் இடையே பகையை மூட்டிவிட்டது நகரத்துக் கோப்பையின் மேல் விரித்த தாள்.

இங்கு ஒரு கலைப் படைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளக்காட்டை உலகறியச் செய்தவர்களுள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் முக்கியமானவர். குப்பைக்கு நடுவே யானைக் கூட்டம் இரை தேடும் காட்சியை அவர் 2020இலே படமாக்கினார். நம் காலத்துத் தமிழ்க் கலைஞன் ஒருவன் சமுதாயத்துக்குச் செய்த உண்மையான பணிகளுள் அதுவும் ஒன்று என்று தயங்காமற் கூறுவோம். நூறு கவிதைகளின் 'மனிதா!' செய்யாததை ஒரு படம் செய்தது: ஊரின் பெயரைச் சொல்லிற்று. எனினும் அப்படத்தை நாம் எப்படிப் பார்த்தோம் என்பது வேறு விஷயம். யானைக்காக இரங்கினோம், கைபேசியிலே பகிர்ந்தோம், இரங்கியதோடு கடமை தீர்ந்தது என்றிருந்தோம். யானையைக் கண்ட கண், அதன் காலடியிற் கிடந்த தாள் தன் மத்தியானச் சோற்றின் தாளாக இருக்கலாம் என்பதைக் காண மறுத்தது. இது படத்தின் குறையன்று. படத்துக்கு அடுத்த வாக்கியத்தை எழுத வேண்டியவர்கள் கற்றவர்கள்.

கடற்கரைப் பக்கம் திரும்பினால் அங்கும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் கட்டத் தொடங்கப்பட்டு, 2013 செப்டெம்பர் 1ஆந் திகதி திறக்கப்பட்டது. இக்கரையிலே அலைகள் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகக் கொண்டு செல்கின்றன. குறுக்கே கல்லால் அலைதடுப்புக் கட்டினால் மணல் தெற்கே தங்கும். வடக்கே செல்ல வேண்டிய மணல் செல்லாது. வடகரையைக் கடல் அரிக்கும். புவியியல் கற்கும் முதலாண்டு மாணவனுக்கும் இது தெரியும். அவ்வாறே வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னந்தோட்டங்கள் கடலில் விழுந்தன, வாடிகள் போயின, கரைவலை இழுக்க மணலற்றுப்போயிற்று. துறைமுக வாயிலோ மணலால் அடைபட்டது. 2018இல் வாயில் மணலை அள்ளுங்கள் என்று ஆழ்கடல் மீனவர் கேட்டனர். கரையரிப்பைத் தடுக்காமல் மணலில் கை வைக்காதீர் என்று ஒலுவில் மக்கள் எதிர்த்தனர். உழைக்கும் மக்களுள் ஒரு சாராரை மறு சாராரோடு மோதவிட்டு, திட்டம் வகுத்தவர்கள் தூரத்தில் நின்றனர்.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது, நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறைக் கரைதான், பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அந்தக் கரையிலே ஒவ்வொரு முழ மணலும் உயிர்ப்பிரச்சினை. இக்கரையரிப்பைப் பற்றிப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வுகள் வரவில்லை என்று சொல்லமாட்டோம். வந்திருக்கின்றன, சில நன்றாகவும் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்திலே வந்திருக்கின்றன. மாநாட்டிலே வாசிக்கப்பட்டு, தொகுப்பிலே அச்சாகி, பதவியுயர்வு விண்ணப்பத்திலே இடம்பெற்று ஓய்கின்றன. எந்தத் தென்னந்தோட்டம் எந்த ஆண்டு கடலிற் போயிற்று என்பதை வாய்மொழியாகச் சொல்லி ஆய்வாளருக்குத் தரவு கொடுத்த மீனவன், தான் சொன்னதைத் தன் மொழியில் திரும்ப வாசித்ததில்லை. இதனை மொழிப் பிரச்சினை என்று மாத்திரம் கருதுவது தவறு. அறிவு யாருக்குச் சொந்தம் என்பது கேள்வி.

இந்தக் கேள்விக்கு நடைமுறையில் விடை காண முயன்றவர்களைத் தேடினால், கடலுக்கு அப்பால் நம் அயலிலேயே கேரளத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1962இல் விஞ்ஞான எழுத்தாளர் சிலர், விஞ்ஞானத்தை மலையாளத்திலே மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்னும் எளிய நோக்கத்தோடு சாஸ்திர சாகித்திய பரிஷத்தைத் தொடங்கினர். பன்னிரண்டு ஆண்டு கழித்து அது தன் குறிக்கோளைச் சமுதாயப் புரட்சிக்கு விஞ்ஞானம் என்று வகுத்துக்கொண்டது. குந்திப்புழை ஆற்றிலே அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கும் மின்திட்டம் எழுந்தபோது, எம். கே. பிரசாத் என்னும் தாவரவியல் ஆசிரியரும் அவர் தோழர்களும் வெறும் 'காட்டைக் காப்போம்' என்ற கோஷத்தோடு நிற்கவில்லை. எவ்வளவு மின்சாரம் வரும், யாருக்குப் போகும், மலபார் மக்களின் மின் தேவையை வேறு எவ்வழியிலே நிறைவேற்றலாம் என்று கணக்கிட்டு 1979இல் அறிக்கை வெளியிட்டனர். அதனைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் ஊரூராகச் சென்றனர். சுகதகுமாரி முதலிய கவிஞர்களும் உடன் நின்றனர்; அங்கே கவிதைக்கு ஓர் ஆற்றின் பெயரும் ஒரு திட்டத்தின் பெயரும் இருந்தன. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசிய வனமாயிற்று.

இவ்வுதாரணத்தில் நமக்கு இனிக்காத ஒரு பகுதியும் உண்டு. அன்று பரிஷத்தை எதிர்த்தோருள் இடதுசாரிக் கட்சியினரும் தொழிற்சங்கத்தினரும் இருந்தனர். மின்சாரம் வந்தால் தொழிற்சாலை வரும், வேலை வரும், காட்டைப் பற்றிப் பேசுவது பூர்ஷுவா ஆடம்பரம் என்றனர். பரிஷத்தினரிற் பலரும் இடதுசாரிகளே. தம் தோழர்களோடே வாதிட வேண்டியிருந்தது. வாதிட்டனர். நம் பத்திரிகையுலகிலும் சுற்றாடல் என்றவுடன் உதட்டைப் பிதுக்கும் பழக்கம் இன்றும் மறையவில்லை. மீதொட்டமுல்லையில் மண்ணுக்குள் புதைந்தோர் எந்த வர்க்கத்தினர் என்று அவர்களைக் கேட்க விரும்புகிறோம்.

மாணவர் மூன்று நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகிறவர்கள், அவர்களிடம் இவ்வளவையும் எதிர்பார்க்கலாமா என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பரீட்சை இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் முன்னே நிற்கிறது, கேள்வி கேட்கும் மாணவனுக்கு எங்கும் நற்பெயர் கிடைப்பதில்லை. மரம் நட்டால் சான்றிதழ் கிடைக்கும். குப்பை எங்கே போகிறது என்று கேட்டால் அரசியல் செய்கிறான் என்பர். ஆனால் ஒரு தொகுதி மாணவர் அளந்ததை அடுத்த தொகுதியினர் தொடர்ந்து அளக்கலாம் அல்லவா? வடகரையிலே நிலையான அடையாளம் வைத்து மாதமொருமுறை கடல்வரைத் தூரத்தை அளந்து குறித்தால், பத்து ஆண்டில் எந்த அமைச்சும் மறுக்க முடியாத ஒரு கொப்பி உண்டாகும். சிற்றுண்டிச்சாலையிலே ஒரு வாரத்துத் தாளையும் மீந்த சோற்றையும் நிறுத்துப் பார்க்கலாம். மீந்த சோறு உக்கும் பொருள். அதனை வளாகத்திலேயே பசளையாக்கினால் வண்டியில் ஏறும் குப்பைக்கு மணமில்லை. மணமில்லாவிட்டால் யானையும் தேடி வராது. கோப்பை கழுவும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க ஒரு சோற்றுக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு, அத்தொகையை மாணவர் தலையில் மாத்திரம் சுமத்தாமல் நிருவாகத்திடம் கேட்கலாம். மாணவர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலே விடுதி, புலமைப்பரிசில் ஆகியவற்றுக்குப் பக்கத்திலே இதற்கும் ஓரிடம் உண்டு. கண்டவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி, பள்ளிவாசல் வாயிலிலும் கோயில் வீதியிலும் மீனவர் சங்கச் சுவரிலும் ஒட்டலாம். அந்த ஒரு பக்கத்தைச் சுவையாக எழுத ஒருவர் வேண்டும். கவிதைப் போட்டியிலே பரிசு பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்கு நிதி வேண்டா, அனுமதி வேண்டா, பதாகையும் வேண்டா. வளாக வாயிலிலிருந்து புறப்படும் குப்பை வண்டி எந்த வீதியால் திரும்பி எங்கே போய் நிற்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். ஒரு துவிச்சக்கரவண்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும். சாரதியிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். இதுவரை அவரை யாரும் கேட்கவில்லை.